ஓட்டத் தெரிதலும் ஓட்டக் கற்றலும்



பரீட்சைகள் முடிந்து பெறுபேறுகளுக்காகக் காத்திருக்கும் காலத்தில், எங்கள் மட்டக்களப்புப் பகுதியின் இளைஞரிடையே ஒரு புதிய கல்வி தொடங்கும். அதற்குப் பாடத்திட்டம் இல்லை, பாடநூல் இல்லை, பயிற்றப்பட்ட ஆசிரியரும் இல்லை. மாலை வேளையில் ஒரு மைதானம், இரவலாகப் பெற்ற ஒரு மோட்டார் சைக்கிள், பின்னாசனத்தில் ஒரு மூத்த சகோதரன் அல்லது மச்சான் ஆகிய இவ்வளவே அக்கல்விக்கு வேண்டியவை. முதல் மாலையில் கிளச்சை மெல்ல விடத் தெரிந்துவிடும். இரண்டாம் மாலையில் கியர் மாற்றத் தெரிந்துவிடும். நான்காம் நாள், தனக்கு ஓடத் தெரியும் என்ற நம்பிக்கையோடு இளைஞன் கடைத்தெருவுக்குப் புறப்பட்டுவிடுவான். அந்தக் கல்வியைப் பற்றியே இன்று உங்களுடன் சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன்.

நான் பொறியியல் கற்றவன் அல்லன், கலைப் பட்டதாரி. போக்குவரத்துப் பொலிஸ் உத்தியோகத்தனும் அல்லன்; அரசினர் பாடசாலை ஒன்றின் அதிபர். இப்பொருள் பற்றிப் பேச உமக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். ஒரு தகுதி உண்டு; ஆனால் அது பெருமைப்படத்தக்கது அன்று. நான் ஒருவனுக்குப் பிழையாக மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்பித்தவன். அந்தப் பிழையின் விலையை நான் செலுத்தவில்லை, அவன் செலுத்தினான்.

அக்கதையைக் கூறுமுன், பிற ஊர் நேயர்களுக்காக எங்கள் நிலத்தைச் சிறிது விளக்குதல் வேண்டும். மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது. அதன் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலம் எழுவான்கரை. மேற்கே வயல்களும் மேய்ச்சல் தரைகளும் காடும் விரிந்து கிடப்பது படுவான்கரை. கதிரவன் எழுகின்ற கரை, படுகின்ற கரை என்னும் பொருளில் முன்னோர் இட்ட பெயர்கள் அவை. கல்லடியில் 1924 ஆம் ஆண்டு அமைந்த ஒடுங்கிய இரும்புப் பாலத்தின் அருகே 2013 ஆம் ஆண்டு அகன்ற புதிய பாலம் திறக்கப்பட்டது. மண்முனைத் துறையில் ‘பாதை’ என நாங்கள் அழைக்கும் மிதவைக்காகக் காத்து நின்று, மோட்டார் சைக்கிளையும் அதில் ஏற்றி, மறுகரை சேர்ந்த காலம் ஒன்று இருந்தது. 2014 ஆம் ஆண்டு அங்கும் பாலம் வந்துவிட்டது. போர் ஓய்ந்த 2009 ஆம் ஆண்டின் பின்னர், மணலும் கிறவலுமாகக் கிடந்த எங்கள் வீதிகள் பல, கறுத்துப் பளபளக்கும் காபட் வீதிகள் ஆயின.

இம்மாற்றம் எங்களுக்குப் பெரும் நன்மை என்பதில் ஐயமில்லை. படுவான்கரைப் பாடசாலைகளுக்கு ஆசிரியர்கள் காலத்தோடு வந்து சேர்கின்றனர். நோயாளர் விரைவாக வைத்தியசாலையை அடைகின்றனர். மீனும் தயிரும் நெல்லும் சந்தைக்கு எளிதிற் செல்கின்றன. ஆயினும் வீதிகள் மாறிய வேகத்தில், வீதியைப் பற்றிய எங்கள் அறிவு மாறவில்லை. நான் சொல்ல வந்த செய்தியின் சாரமும் இதுவே.

எனது இருபதாவது வயதில், கடற்கரையை அடுத்த மணல் ஒழுங்கை ஒன்றில் என் மச்சான் எனக்கு மோட்டார் சைக்கிள் பழக்கினார். அவர் தந்த முதற் பாடம் இன்னும் என் காதில் ஒலிக்கிறது. “முன் பிறேக்கில மட்டும் கை வெச்சிராதகா, தூக்கி எறிஞ்சிரும்!” என்றார் அவர். நான் அதனைத் தலைமேற் கொண்டேன். வலக்கைப் பிடியில் உள்ள முன் பிறேக்கை ஓர் அலங்காரப் பொருள்போல விட்டுவிட்டு, வலக்காலால் மிதிக்கும் பின் பிறேக்கை மட்டுமே நம்பிப் பல்லாண்டுகள் ஓட்டினேன். எனக்கு ஒன்றும் நேரவில்லை. ஒன்றும் நேராதிருந்ததையே, நான் கற்றது சரி என்பதற்குச் சான்றாகவும் கொண்டேன்.

என் சகோதரியின் மகன், உயர்தரப் பரீட்சைக்கு இரண்டாம் முறை தோற்ற ஆயத்தஞ் செய்துகொண்டிருந்த ஆண்டில், தன்னைப் பழக்கும்படி என்னிடம் வந்தான். அதிபராகிய மாமனிடம் கற்றால் ஒழுங்காகக் கற்கலாம் என்பது அவன் தாயின் எண்ணம். இரண்டு மாலைகளில் அவனைப் பழக்கினேன். மச்சான் எனக்குத் தந்த முதற் பாடத்தை, ஒரு சொல்லும் குறையாமல் அவனுக்கு வழங்கினேன். அவன் எழுத்துப் பரீட்சையிலும் செயல்முறைப் பரீட்சையிலும் சித்தியடைந்து, முறைப்படி அனுமதிப்பத்திரமும் பெற்றான். மூன்று மாதங்கள் சென்றன. கார்த்திகை மாத மழைநாள் ஒன்றில், படுவான்கரையின் காபட் வீதியில் அவன் வந்துகொண்டிருந்தபோது, வயற்புறத்திலிருந்து மாடு ஒன்று திடீரெனக் குறுக்கே ஏறியது. அவன் முன் பிறேக்கைத் தொடவில்லை. தன் பலம் முழுவதையும் கூட்டிப் பின் பிறேக்கை மிதித்தான். பின்சில்லு உருளாது இறுகி வழுக்கியது. வண்டி பக்கவாட்டில் திரும்பிச் சரிந்தது. அவன் ஈர வீதியில் இழுபட்டுச் சென்று மதகுக் கட்டில் மோதினான். தொடை எலும்பு முறிந்தது. தலைக்கவசம் மோதி வெடித்திருந்தது; தலைக்கு ஊறு இல்லை. மாட்டுக்கும் ஒன்றும் நேரவில்லை.

வைத்தியசாலைக் கட்டிலருகே நான் போய் நின்றபோது, அவன் என்னை நோக்கிக் கூறிய வார்த்தைகள் இவை: “மாமா, நீங்க சொன்ன மாதிரித்தான் செஞ்சன்.” அதிற் குற்றச்சாட்டு இல்லை. தன் மீது பிழையில்லை என்று மாமனுக்கு உணர்த்த விரும்பிய ஒரு நல்ல மாணவனின் சொல் அது. முப்பதாண்டுக் காலம் வகுப்பறையில் நின்ற எனக்கு, அதனினும் கடுமையான தீர்ப்பை எவரும் வழங்கியதில்லை. அவ்வாண்டுப் பரீட்சையை அவன் எழுதவில்லை.

பின்னர் ஒரு நாள், எங்கள் பாடசாலை விஞ்ஞான ஆசிரியரை அழைத்து, என் மச்சானின் பாடத்தில் என்ன பிழை என்று கேட்டேன். அவர் எளிமையாக விளக்கினார். பஸ் வண்டி திடீரென நிறுத்தப்படும்போது, உள்ளே நிற்பவர்கள் முன்புறமாகச் சாய்கின்றார்கள் அல்லவா? மோட்டார் சைக்கிளிலும் அதுவே நிகழ்கிறது. வேகத்தைக் குறைக்கும் கணத்தில் வண்டியின் பாரமும் அதில் இருப்பவரின் பாரமும் முன்சில்லை நோக்கிச் சாய்கின்றன. முன்சில்லின் டயர் நிலத்தில் நன்றாக அழுந்திப் பிடிக்கிறது. பின்சில்லோ பாரம் குறைந்து, நிலத்தைப் பிடிக்கும் வலுவை இழக்கிறது. ஆதலின், உலர்ந்த நல்ல வீதியில் வண்டியை நிறுத்தும் ஆற்றலின் பெரும்பங்கு முன் பிறேக்கிடமே உள்ளது. பின் பிறேக்கை மட்டும் பலமாக மிதித்தால், பாரம் குறைந்த அச்சில்லு இறுகி வழுக்கும். அப்போது வண்டி நிற்பதற்கும் நெடுந்தூரம் வேண்டும். நேராகச் செல்லும் கட்டுப்பாடும் போய்விடும்.

அப்படியாயின் என் மச்சான் பொய் சொன்னாரா? இல்லை. அவர் கற்றது மணலில். என்னைப் பழக்கியதும் மணலில். மணலிலும் கிறவலிலும் முன் பிறேக்கை இறுகப் பிடித்தால் முன்சில்லு வழுக்கி ஆளை வீழ்த்தும் என்பது உண்மையே. அந்த உண்மை அந்த நிலத்துக்கு உரியது. வீதி காபட் வீதியான பின்னரும், மணலுக்குரிய பாடத்தை நாங்கள் மாற்றவில்லை. மச்சானிடமிருந்து எனக்கும், என்னிடமிருந்து மருமகனுக்கும், பழைய பாத்திரம் கைமாறுவதுபோல அது கைமாறி வந்துவிட்டது.

இனி, கற்கவேண்டிய முறைக்கு வருவோம். இரு பிறேக்குகளையும் ஒருங்கே பயன்படுத்துவதே முறை. முன் பிறேக்கை வெடுக்கெனப் பிடித்தல் ஆகாது. பால் கறப்பவர் மடிக்காம்பை இழுத்துப் பறிப்பதில்லை. விரல்களால் மெல்லத் தொடங்கி, வரவர அழுத்தம் கூட்டுகிறார். முன் பிறேக்கின் பிடியையும் அவ்வாறே அழுத்துதல் வேண்டும். வண்டி நிமிர்ந்து நேராகச் செல்லும்போதே அழுத்தமாகப் பிறேக் பிடிக்கலாம். வளைவில் வண்டி சரிந்திருக்கும்போது பலமாகப் பிடித்தல் ஆபத்து; ஆகவே வேகத்தை வளைவுக்குள் நுழையுமுன்னரே குறைத்துவிட வேண்டும். மணல், கிறவல், ஈரம் ஆகியவற்றில் இரு பிறேக்குகளையும் மென்மையாகவும் முன்னதாகவும் பயன்படுத்த வேண்டும். எங்கள் சகோதரிகள் பலரும் பயன்படுத்தும் ஸ்கூட்டர்களில் கால் பிறேக் இல்லை. இடக்கைப் பிடி பின்சில்லுக்கும் வலக்கைப் பிடி முன்சில்லுக்கும் உரியன. அவர்களுக்கும் விதி இதுவே. சில்லு இறுகாமற் காக்கும் பொறியமைப்புச் சில புதிய வண்டிகளில் உண்டு. எனினும் அதனை நம்பிப் பயிற்சியைக் கைவிடலாகாது.

இதனைக் கேட்டறிதல் மட்டும் போதாது. ஆளில்லாத, சமமான, உறுதியான தரையில், தலைக்கவசம் அணிந்து, மணிக்கு இருபது கிலோமீற்றர் வேகத்தில் சென்று, குறித்த ஓர் இடத்தில் இரு பிறேக்குகளாலும் நிறுத்திப் பழகுங்கள். பத்து முறை, இருபது முறை செய்யுங்கள். கை தானாக அறிந்துகொண்ட பின்னர் வேகத்தைச் சிறிது கூட்டுங்கள். இடர் நேரும் கணத்தில் சிந்திக்க நேரம் இராது. அப்போது எங்கள் கை எதனைப் பழகியிருக்கிறதோ அதனையே செய்யும்.

இவ்விடத்தில் ஓர் ஆராய்ச்சியைக் குறிப்பிடுதல் பொருத்தமாகும். அமெரிக்காவின் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹரி ஹர்ட் என்பவரும் அவருடைய குழுவினரும், லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் நிகழ்ந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை, நிகழ்ந்த இடத்துக்கே சென்று ஆராய்ந்து, 1981 ஆம் ஆண்டு அறிக்கை வெளியிட்டனர். விபத்துக்குள்ளான ஓட்டுநர்களில் நூற்றுக்கு 92 பேர் தாமாகப் பழகியவர்கள், அல்லது குடும்பத்தாரிடமும் நண்பரிடமும் பழகியவர்கள். இடர் எதிர்ப்பட்டபோது அவர்களிற் பலர் பின்சில்லை இறுகச் செய்து வழுக்கவிட்டனர். முன் பிறேக்கைப் போதிய அளவு பயன்படுத்தவில்லை. இதனைப் படித்தபோது, எங்கள் ஊர் மைதானமும் என் மருமகனும் என் கண்முன் தோன்றினர். உலகின் மறுகோடியிலும் மச்சான்மார் இதே பாடத்தைத்தான் கற்பித்திருக்கின்றனர் போலும்!

அடுத்து, வேகத்தைப் பற்றிச் சில கணக்குகள். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு செக்கனில் ஏறத்தாழ 14 மீற்றர் கடக்கிறது. ஆபத்தைக் கண்டு, அதனை உணர்ந்து, கை பிறேக்கைப் பிடிக்க ஏறக்குறைய ஒரு செக்கன் கழிந்துவிடும். அந்த 14 மீற்றர் தூரத்துக்கு வண்டி சிறிதும் வேகம் குறையாமலே செல்கிறது. பின்னர் உலர்ந்த வீதியில், நல்ல டயரோடு, இரு பிறேக்குகளையும் சரியாகப் பயன்படுத்தினால் மேலும் ஏறத்தாழ 16 மீற்றரில் நிற்கலாம். ஆக மொத்தம் 30 மீற்றர். வேகம் 30 கிலோமீற்றராக இருந்திருப்பின், அதே கணக்கின்படி 14 மீற்றரில் நின்றிருக்கலாம். 70 கிலோமீற்றராயின் 50 மீற்றருக்கு மேல் வேண்டும். மழை ஈரத்தில் இத்தூரங்கள் இன்னும் நீளும்.

எங்கள் நாட்டு விதிகளின்படி மோட்டார் சைக்கிளுக்கு மக்கள் செறிந்த பகுதிகளில் மணிக்கு 50 கிலோமீற்றரும், ஏனைய வீதிகளில் 70 கிலோமீற்றரும் உச்ச எல்லைகள் ஆகும். உச்ச எல்லை என்பது, அந்த வேகத்தில் ஓட்டியே ஆகவேண்டும் என்ற கட்டளை அன்று. காத்தான்குடிக் கடைவீதியிலும், பாடசாலை விடும் நேரத்து ஆரையம்பதியிலும், களுவாஞ்சிக்குடிச் சந்தையடியிலும் 50 என்பதே மிகை. முன்னே செல்லும் வாகனம் ஒரு மின்கம்பத்தைக் கடந்ததும், ‘ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு’ என்று நிதானமாக எண்ணுங்கள். எண்ணி முடிக்குமுன் அந்தக் கம்பத்தை நீங்கள் அடைந்துவிட்டால், மிக நெருங்கிச் செல்கிறீர்கள் என்பது பொருள். மழையில் அந்த இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள்.

மூன்றாவதாக, காணப்படுதல் என்னும் கலை. ஹர்ட் குழுவினர் கண்ட மற்றோர் உண்மை இது: வேறு வாகனம் சம்பந்தப்பட்ட விபத்துகளில் மிகப் பெரும்பாலும் நிகழ்ந்தது, அவ்வாகனத்தின் சாரதி மோட்டார் சைக்கிளைக் காணாது, அல்லது காலம் கடந்து கண்டு, அதன் வழியில் குறுக்கிட்டமையே. மோட்டார் சைக்கிள் ஒடுங்கிய உருவம் உடையது. சிறிய பொருள் தூரத்தில் வருவதாகவும் மெல்ல வருவதாகவும் கண்ணுக்குத் தோன்றும். பெரிய லொறி வருகிறது என்றால் காத்து நிற்பவர், மோட்டார் சைக்கிள்தானே என்று திருப்பிவிடுவார். நாங்கள் இடப்பக்கமாகச் செல்லும் நாட்டில், எதிரே வந்து வலப்பக்கம் திரும்பும் வாகனமே எங்கள் பாதையை அறுப்பது. முச்சக்கர வண்டி ஒன்று வீதியோரத்தில் நிற்கிறதாயின், அது அடுத்த கணமே வட்டமடித்துத் திரும்பக்கூடும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். அதன் சமிக்ஞை விளக்கை மட்டும் நம்பாதீர்கள், முன்சில்லைப் பாருங்கள். சாரதியின் நோக்கத்தை முதலில் வெளிப்படுத்துவது அதுவே. பகலிலும் முன்விளக்கை எரியவிடுங்கள். கறுப்பை விட்டு வெளிர் நிற உடை அணியுங்கள். சந்தியை அணுகும்போது விரல்கள் பிறேக்கின் மேல் ஆயத்தமாக இருக்கட்டும். திரும்புமுன் பக்கக் கண்ணாடியைப் பாருங்கள், சமிக்ஞை காட்டுங்கள், தோளுக்கு மேலாக ஒருமுறை திரும்பியும் பாருங்கள். கண்ணாடி காட்டாத இடம் ஒன்று எப்போதும் உண்டு.

இனி எங்கள் நிலத்துக்கே உரிய இடர்கள் சிலவற்றைக் கூறுகிறேன். இவை எந்தப் பரீட்சைத் தாளிலும் முழுமையாக வாரா.

முதலாவது, இரவில் வீதியிற் படுத்திருக்கும் மாடுகள். பகல் வெயிலைக் குடித்த தார் இரவிலும் வெப்பத்தை வைத்திருக்கும். நுளம்புக்கும் ஈரத்துக்கும் அஞ்சிய மாடுகள் வீதியை நாடும். கறுத்த வீதியில் கறுத்த எருமை படுத்திருப்பதை விளக்கொளி பட்ட பின்னரே காணலாம். சற்று முன் கூறிய கணக்கை இங்கு நினைவு கூருங்கள். உங்கள் விளக்கு 30 மீற்றர் வரை மட்டுமே தெளிவாகக் காட்டுமாயின், 50 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் வரும் நீங்கள் மாட்டைக் கண்டபின் நிறுத்த முடியாது. விளக்கொளியின் எல்லைக்குள் நிறுத்தக்கூடிய வேகமே இரவு வேகம். வெல்லாவெளி போன்ற எல்லைப்புறப் பகுதிகளில் மாட்டின் இடத்தில் யானையே நிற்கவும் கூடும். அதற்கு மேல் விளக்கமும் வேண்டுமோ?

இரண்டாவது, மழை. மாரியின் முதல் மழையே மிகுந்த வழுக்கலைத் தருவது. பல மாதங்களாக வீதியிற் படிந்த எண்ணெயும் புழுதியும் நீரோடு கலந்து மேலே மிதக்கும். அந்த முதல் அரைமணி நேரம் ஒரு கடையோரம் ஒதுங்கி நிற்பது கோழைத்தனம் அன்று. வெள்ளம் வீதியை மூடிப் பாயும்போது, ‘ஆழமறியாமல் காலை விடாதே’ என்ற பழமொழி சில்லுக்கும் பொருந்தும். நேற்றுச் சென்ற வீதிதானே என்று இறங்காதீர்கள். நீருக்கு அடியில் மதகு உடைந்திருக்கலாம்.

மூன்றாவது, காற்று. எங்கள் பாலங்களில் வாடையும் கச்சானும் தடையின்றி வீசும். கட்டடங்களின் மறைவிலிருந்து பாலத்தின் வெளிக்கு வரும்போது பக்கக் காற்று வண்டியைத் தள்ளும். பெரிய பஸ் வண்டி அருகே கடக்கும்போது காற்று ஒரு கணம் மறைந்து மீண்டும் அடிக்கும். வேகத்தைக் குறைத்து, கைகளை விறைப்பாக வைக்காமல், கைபிடியை இயல்பாகப் பற்றிக்கொண்டு செல்லுங்கள்.

நான்காவது, அறுவடைக் காலம். வீதியில் உலர்த்தப்படும் நெல் உருளும் மணிகளாலான விரிப்பு. அதன்மேல் பிறேக் பிடித்தால் வழுக்கும். உழவு இயந்திரத்தின் சில்லுகள் வீதிக்குக் கொண்டுவரும் வயற்சேறும் அத்தகையதே. புகையிரதக் கடவையில் ஈரமான தண்டவாளத்தைச் சரிவாகக் கடக்காதீர்கள். இயன்றவரை நேர்குத்தாகக் கடவுங்கள். காவலாளி இல்லாத கடவையில் நின்று, இருபுறமும் பார்த்து, காதும் கொடுத்துக் கேட்ட பின்னரே செல்லுங்கள்.

ஐந்தாவது, பின்னாசனத்தில் இருப்போர். சேலை முந்தானையும் துப்பட்டாவும் அபாயாவின் ஓரமும் பின்சில்லிற் சிக்கி நேர்ந்த துயரங்கள் பல. புறப்படுமுன் ஒரு நிமிடம் ஒதுக்கி, துணியை ஒடுக்கிச் செருகிக்கொள்ளச் செய்யுங்கள். தாயும் தந்தையும் இரு பிள்ளைகளுமாக நால்வர் ஒரே வண்டியில் பாடசாலைக்கு வருவதைக் காலைதோறும் பாடசாலை வாயிலில் நின்று காண்கிறேன். பிள்ளையைக் கல்விக்குக் கொண்டுவரும் அன்பு அது என்பதை அறிவேன். ஆயினும் இருவருக்கென அமைந்த வண்டியில் நால்வர் ஏறும்போது, நான் முன்னர் சொன்ன பிறேக் கணக்குகள் எவையும் செல்லுபடியாகா.

நேயர்களே, இப்போது தலைக்கவசம் பற்றி. அரேபிய லோரன்ஸ் என உலகறிந்த ஆங்கிலேயப் போர்வீரரும் எழுத்தாளருமான ரி. ஈ. லோரன்ஸ், 1935 மே 13 ஆம் நாள், இங்கிலாந்தின் கிராமப்புற வீதி ஒன்றில் மோட்டார் சைக்கிளில் சென்றபோது, துவிச்சக்கர வண்டியில் வந்த இரு சிறுவர்களைத் தவிர்க்க முனைந்து தூக்கி எறியப்பட்டார். தலையிற் கவசம் இல்லை. ஆறு நாட்களின் பின் உயிர் நீத்தார். அவரைக் காக்க முயன்ற வைத்தியர்களுள் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்னும் மூளை அறுவை நிபுணர். அந்த இறப்பு அவர் மனத்தை விட்டு அகலவில்லை. மோட்டார் சைக்கிள் ஓட்டுநரின் தலைக்காயங்களைத் தொடர்ந்து ஆராய்ந்து, 1941 ஆம் ஆண்டு தலைக்கவசத்தின் இன்றியமையாமையை எடுத்துக்காட்டினார். அவ்வாண்டின் இறுதியிலேயே பிரித்தானிய இராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்கு அதனைக் கட்டாயமாக்கியது. ஒரு பெரிய மனிதரின் சாவிலிருந்து கற்ற பாடம், எண்ணற்ற பெயரறியா மனிதரின் உயிரைக் காத்தது.

பல நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டி 2008 ஆம் ஆண்டு வெளிவந்த மதிப்பீடு ஒன்று, தலைக்கவசம் விபத்தில் இறக்கும் அபாயத்தை ஏறத்தாழ நூற்றுக்கு 42 வீதமும், தலைக்காயத்தின் அபாயத்தை 69 வீதமும் குறைக்கிறது எனக் காட்டியது. ஆனால் நாடிவாரைப் பூட்டாத தலைக்கவசம், மோதும் கணத்தில் தலையை விட்டுப் பறந்துவிடும். கைபிடியில் தொங்கவிட்டுப் பொலிசாரைக் கண்டதும் அணிவதும், வாரைப் பூட்டாமல் அணிவதும் ஒரே பயனையே தருவன. ஒருமுறை பலமாக மோதிய கவசத்தின் உட்பகுதி நசுங்கிவிடும். வெளியே நன்றாகத் தோன்றினும் அதனை மீண்டும் அணியலாகாது. என் மருமகனின் வெடித்த தலைக்கவசத்தை என் சகோதரி எறிந்துவிடவில்லை. வீட்டு அலுமாரியின் மேல் வைத்திருக்கிறார். ஒவ்வோர் இளைஞனும் அதனை ஒருமுறை பார்த்தல் நன்று என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இறுதியாக, அனுமதிப்பத்திரம் பற்றி. இலங்கையில் வீதிப் போக்குவரத்துக்கு அடிப்படையான சட்டம் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம். 18 வயது நிறையாதவர் மோட்டார் சைக்கிள் செலுத்தும் அனுமதிப்பத்திரம் பெற இயலாது. எஞ்சின் கொள்ளளவு 100 கன சென்ரிமீற்றரைத் தாண்டாத வண்டிகள் ஒரு வகுப்பு. தாண்டுபவை மற்றொரு வகுப்பு. வைத்தியச் சான்றிதழ் பெற்று, வீதிச் சட்டம் பற்றிய எழுத்துப் பரீட்சையில் 40 வினாக்களுள் 30 வினாக்களுக்காவது சரியான விடை அளிக்க வேண்டும். பின்னர் பயிலுநர் அனுமதிப்பத்திரம். அதன் பின்னர் செயல்முறைப் பரீட்சை. விடைகளை மனனஞ் செய்து 30 புள்ளிகளைத் தேடாமல், ஒவ்வொரு விதிக்கும் காரணம் என்ன என்று கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். பயிலும் காலத்தை ஒரு தடையாகக் கருதாமல், வெயிலிலும் மழையிலும் மாலை மங்கலிலும் பழகிக்கொள்ள அளிக்கப்பட்ட வாய்ப்பாகக் கொள்ளுங்கள். என் மருமகன் பரீட்சையிற் சித்தியடைந்தவன் என்பதை மறவாதீர்கள். பரீட்சை கேட்டவற்றுக்கெல்லாம் அவன் சரியாக விடை அளித்தான். மழையில் அந்த மாடு கேட்ட கேள்விக்குத்தான், நான் அவனுக்குத் தவறான விடையைக் கற்பித்திருந்தேன்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பெறுபேறு நன்றாக வந்தால் வண்டி வாங்கித் தருகிறேன் என்று பிள்ளைக்கு வாக்களிக்கிறீர்கள். வாக்கைக் காப்பாற்றுங்கள், ஆனால் வண்டிக்கு முன் நல்ல தலைக்கவசத்தையும், தகுதியுள்ள பயிற்றுநரிடம் சில நாட் பயிற்சியையும் வாங்கிக் கொடுங்கள். நீங்களே பழக்குவீர்களாயின், உங்களுக்குப் பழக்கியவர் சொன்னவற்றை மீண்டும் ஒருமுறை சரிபார்த்த பின் பழக்குங்கள். ஆசிரியன் பாடக்குறிப்பை ஆண்டுதோறும் திருத்துவதுபோல, இதனையும் திருத்துதல் வேண்டும்.

என் மருமகன் மறு ஆண்டு பரீட்சை எழுதிச் சித்தியடைந்து, இன்று உத்தியோகம் பார்க்கிறான். நெடுநேரம் நின்றால் அவனுக்குக் கால் வலிக்கும். அவன் மீண்டும் மோட்டார் சைக்கிள் ஓட்டத் தொடங்கியபோது, மைதானத்துக்கு என்னையும் அழைத்துச் சென்றான். இரு பிறேக்குகளையும் பிடித்து நிறுத்துவது எப்படி என்று அவன் கற்பித்தான். ஐம்பது வயதைக் கடந்த நான், மாணவனாக நின்று கற்றேன். முதல் ஐந்தாறு முறை என் கை முன் பிறேக்குக்குப் போக மறுத்தது. பழைய பாடம் அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது. இருபதாவது முறைக்குப் பின்னரே கை இணங்கியது.

ஓட்டத் தெரிந்திருப்பது ஒன்று; ஓட்டக் கற்றிருப்பது மற்றொன்று. இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை மைதானத்திலேயே கடந்துவிட்டு வீதிக்கு வாருங்கள் என்று, புதிதாக அனுமதிப்பத்திரம் பெற விழையும் இளைஞர்களையும் யுவதிகளையும் கேட்டு, இவ்வளவில் விடைபெறுகிறேன்.